திருடிய ஆடை



பௌர்ணமி வழிபாடு முடிந்த ஓர் இரவில், இளம் உபாசகர் ஒருவர் என்னிடம் ஓர் ஐயம் எழுப்பினார். "உபோசத நாளில் எண்சீலம் காப்போர் ஆடல், பாடல், காட்சிகளைத் தவிர்க்க வேண்டும் என்று போதிக்கின்றீர்கள். அங்ஙனமாயின் பௌத்தன் திரைப்படம் காண்பதே குற்றமா, ஐயா?" என்று வினவினார்.

இல்லறத்தார்க்கு நாள்தோறும் உரியது பஞ்சசீலம். அதில் காட்சி காணுதல் விலக்கப்படவில்லை. ஆயினும் கள்ளைப்போல் மயக்கும் படங்களும் உள. உறங்கும் உள்ளத்தை உலுக்கி எழுப்பும் படங்களும் உள. நான் ஆலைத் தொழிலாளியாயிருந்த காலத்தில், சம்பள நாளன்று படக்கொட்டகைக்கும் சாராயக்கடைக்கும் ஒரே நடையாய்ச் சென்ற தோழர் பலரைக் கண்டவன். ஆதலின் படங்களை நான் எளிதில் புகழ்வதில்லை. எனினும், எங்கள் இளைஞர்கள் ஒரு மாலை விகாரையில் திரை கட்டிக் காட்டிய படம் ஒன்று பல நாள் என் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. அதனைப் பற்றியே இன்று உங்களோடு பேச விழைகின்றேன்.

அப்படத்தின் பெயர் "பர்மாவின் யாழ்". ஜப்பானிய இயக்குநர் கோன் இச்சிக்காவா எடுத்தது. மிச்சியோ தக்கேயாமா என்பார் போருக்குப்பின் சிறுவர்க்கென எழுதிய கதையே அதற்கு மூலம். படம் வெளிவந்த ஆண்டு 1956. பாபாசாகேப் டாக்டர் அம்பேத்கர் அவர்கள் அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களுடன் தம்மம் தழுவிய ஆண்டும் அதுவே. அப்படத்திற்கும் நம் தீட்சைக்கும் நேர்த்தொடர்பு ஏதுமில்லை. ஆயினும் இரண்டும் நம்மை நோக்கி எழுப்பும் வினா ஒன்றே என்பது என் துணிபு.

கதையைக் கேளுங்கள். 1945-ஆம் ஆண்டு, பர்மாவில் தோல்வியுற்ற ஜப்பானியப் படையில் ஒரு சிறு பிரிவு. அதன் தலைவர் கேப்டன் இனோவே இசை பயின்றவர். தம் வீரர்களுக்குப் பாடக் கற்பித்திருந்தார். மிசுஷிமா என்னும் வீரன் பர்மிய யாழ் மீட்டுவதில் வல்லவன். போர் முடிந்த செய்தி கேட்டு அப்பிரிவு சரணடைகின்றது. வேறொரு ஜப்பானியக் கூட்டமோ மலையில் பதுங்கிச் சரணடைய மறுத்து நிற்கின்றது. அவர்களுக்கு எடுத்துரைக்க மிசுஷிமா அனுப்பப்படுகின்றான். அவர்கள் செவிசாய்க்கவில்லை. பீரங்கிகள் முழங்குகின்றன, அவர்கள் மடிகின்றனர். குற்றுயிராய்க் கிடந்த மிசுஷிமாவை ஒரு பிக்கு எடுத்துச் சென்று காப்பாற்றுகின்றார்.

உடல் தேறியவன் செய்ததென்ன? தன்னைக் காத்த அப்பிக்கு நீராடும் வேளை பார்த்து, அவருடைய துவராடையைத் திருடிக்கொண்டான்! தலையையும் மழித்துக்கொண்டான். மூடோன் என்னும் ஊரில் கைதிகளாயிருக்கும் தோழரை அடையவேண்டும். அவரோடு தாய்நாடு திரும்பவேண்டும். அவன் நோக்கம் அவ்வளவே. துவராடை அவனுக்கு வெறும் மறைப்பு. வழியிலுள்ள மக்களோ அவனை மெய்த்துறவி என நம்பி வணங்கிச் சோறிடுகின்றனர்.

அவ்வழியில் அவன் கண்டவை பிணங்கள். மலைச்சரிவிலும் ஆற்றங்கரையிலும் குவியல் குவியலாய்க் கழுகும் காக்கையும் மொய்க்கக் கிடந்த போர்வீரர் பிணங்கள். சிலவற்றை அடக்கம் செய்கின்றான். மிகுதியைக் காணப் பொறாமல் முகத்தை மூடிக்கொண்டு ஓடுகின்றான். மூடோனை அடைந்ததும், பெயர் தெரியாத ஜப்பானியச் சிப்பாய் ஒருவனை, நேற்றுவரை பகைவராயிருந்த வெள்ளையர்கள் தம் சமய முறைப்படி பாட்டிசைத்து அடக்கம் செய்வதைக் காண்கின்றான். அக்காட்சி அவன் நெஞ்சைச் சுட்டது. தோழர்கள் கைக்கெட்டும் தொலைவில் இருந்தும், வந்த வழியே திரும்பி நடந்தான்.

தோழர்கள் ஒரு கிளிக்கு, "மிசுஷிமா, ஒன்றாக ஜப்பானுக்குத் திரும்புவோம்" என்று சொல்லப் பழக்கி அனுப்புகின்றனர். தன்னால் வர இயலாது என்று வேறொரு கிளியின் வாயிலாகவே அவனும் விடை அனுப்புகின்றான். புதைக்கப்படாதோர் ஒருவரும் இல்லையாகும்வரை இம்மண்ணிலேயே பிக்குவாக வாழ்வேன் என்னும் அவன் மடலைக் கடல்மேற் செல்லும் கப்பலில் இனோவே படிக்க, தோழர்கள் கண்ணீருடன் கேட்பதே படத்தின் முடிவு.

அன்பர்களே! இதில் முதற்கண் நாம் கருதவேண்டியது அந்தத் திருடிய ஆடை. மிசுஷிமா ஞானம் பெற்றபின் ஆடை தரித்தவனல்லன். ஆடை தரித்தபின் வழியிற் கண்ட துக்கத்தால் பிக்கு ஆனவன். அவனுக்கு வேடம் முந்திற்று. மெய் பின்னால் வந்தது.

ஊரார் நம்மைப் பார்த்துப் பேசும் ஏளனத்தை நீங்கள் அறிவீர்கள். "பெயரை மாற்றிக்கொண்டீர்கள், வீட்டுச் சுவரில் மாட்டிய படத்தை மாற்றிக்கொண்டீர்கள். வேறென்ன மாறிற்று?" என்று கேட்கின்றனர். நாம் பிறர் ஆடையைத் திருடவில்லை. இழந்த நம் ஆடையையே மீட்டுக்கொண்டோம். இதனைப் பண்டித அயோத்திதாசர் நமக்கு அன்றே உணர்த்திவிட்டார். ஆயினும் மீட்ட ஆடையும், உடுத்தவன் செயலால்தான் உயிர்பெறும். தீட்சை நாளிலேயே எல்லாம் முடிந்துவிட்டதென்று எண்ணுபவன், ஆடையோடு வழியிலேயே நின்றுவிட்டவன். இன்னும் நான் தகுதி பெறவில்லையே என்று நாணுபவன் அஞ்ச வேண்டுவதில்லை. நடந்துகொண்டே இருப்பானாயின், வழி அவனுக்குக் கற்பிக்கும்.

இனி, அன்று படம் முடிந்ததும் எழுந்த ஒரு தடையைக் கூறுவேன். எழுபது வயது கடந்த ஓர் அம்மையார் எழுந்து, "ஏன் தம்பி, பிணம் புதைப்பதுதானே நம் தலையில் கட்டப்பட்ட தொழில்? அதை விட்டு ஓடிவந்தல்லவா இங்கே பௌத்தரானோம்? அதைச் செய்தவனைப் பெரியவன் என்று எங்களுக்கே காட்டுகிறாயா?" என்று கேட்டார். அவையில் பேச்சடங்கிற்று.

என் பாட்டனார் ஊர் வெட்டியான் பணி செய்தவர். நள்ளிரவில் ஆள் வந்து அழைத்தாலும் எழுந்து செல்லவேண்டும். மறுக்கும் உரிமை அவருக்கில்லை. அவர் தோண்டிய குழியில் தம் தந்தையை இட்டவர்கள், மறுநாள் தம் தெருவில் அவரைச் செருப்பணிந்து நடக்க விட்டதில்லை. ஆதலின் அம்மையாரின் சினம் எனக்குப் புதிதன்று; அது நேர்மையான சினம். செத்த மாட்டை இழுக்காதே, இழிதொழிலை விடு என்று 1927-ஆம் ஆண்டு மகாடில் பாபாசாகேப் நம் மக்களுக்கு அறிவுறுத்தியதும் அந்நேர்மையினாலேயே.

ஆயினும் எண்ணிப் பாருங்கள். என் பாட்டனார் தோண்டியதும் குழி. மிசுஷிமா தோண்டியதும் குழி. வேறுபாடு யாது? ஒன்று பிறப்பின் பெயரால் பிறர் சுமத்தியது. மற்றொன்று கருணையால் தானே ஏற்றது. வினையை வினையாக்குவது அதன் பின்னுள்ள எண்ணமே என்பது பகவான் போதனை. சுமத்தப்பட்டதை உதறுவது விடுதலை. உதறிய கையைத் துன்புறுவோர்க்குத் தானே நீட்டுவது தம்மம். முன்னதின்றிப் பின்னது இல்லை. அடிமையிடம் கருணைத் தொண்டு கேட்பவன் அவனை மீண்டும் அடிமையாக்குபவன். விடுதலை பெற்றும் கை நீட்டாதவனோ பாதி வழியில் நின்றவன்.

பகவான் வாழ்விலேயே இதற்குச் சான்றுண்டு. வயிற்றுப்போக்கால் தன் கழிவிலேயே கிடந்த ஒரு பிக்குவை மற்றப் பிக்குகள் பேணாது விட்டிருந்தனர். பகவான் ஆனந்தரைத் தண்ணீர் கொணரச் சொல்லித் தம் கையாலேயே நீர் ஊற்ற, ஆனந்தர் அவனைக் கழுவினார்; பின் இருவருமாய்த் தூக்கிப் படுக்கையிற் கிடத்தினர். தமக்குத் தொண்டு செய்ய விரும்புவோர் நோயாளிக்குத் தொண்டு செய்க என்றும் அருளினார். இழிந்த சாதிக்குரியதென்று உலகம் ஒதுக்கிய வேலையைச் சாக்கிய குலத்துத் தோன்றல் தாமே செய்தார். இதனை நான் கூறியபோது அம்மையார் சற்று நேரம் மௌனமாயிருந்து, "அப்படியானால் அதை எல்லாச் சாதியாரும் செய்யட்டும்" என்றார். அதைவிடச் சிறந்த உரையை நான் நிகழ்த்தியதில்லை.

படத்தில் குறையே இல்லையென்று கூறமாட்டேன். பிக்குவாக வாழ்பவன் யாழ் மீட்டுவது விநயத்திற்கு ஒவ்வாது. பர்மிய பௌத்தர் அதனை ஏற்கமாட்டார். அதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. மிசுஷிமா தேடிப் புதைத்தவர் ஜப்பானிய வீரர் மட்டுமே. மூடோனுக்குத் தெற்கே வெகுதொலைவில் இல்லாத ஊர் தன்பியூசயாத். அங்கேதான் 1942, 1943-ஆம் ஆண்டுகளில் ஜப்பானியப் படை அமைத்த சயாம்-பர்மா இரயில் பாதையின் பர்மிய முனை இருந்தது. ஏறக்குறைய 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் மாண்ட நேசநாட்டுக் கைதிகள் 12,000-க்கும் மேற்பட்டோர். அவர்களுக்குக் கல்லறை வரிசைகள் உள. அங்கு மாண்ட ஆசியத் தொழிலாளர் தொகை 90,000 அளவில் இருக்கலாம் என மதிப்பிடுவர். அவருள் மலாயா இரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர். ஒடுக்கப்பட்ட குடிகளிற் பிறந்தோர் அவருள் பலர். அவருள் மிகப் பெரும்பாலோர்க்குப் பெயர் பொறித்த கல்லும் இல்லை. அவர்களைத் தேடி யாழேந்திய துறவி எவனும் திரையில் வரவில்லை.

ஆகவே, அன்பர்களே, படத்தைக் கண்டு கண்ணீர் விடுவதோடு நம் கடன் தீராது. திரையில் விடுபட்டோரை நாம் நினைக்க வேண்டும். மனிதரைக் கழிவுநீர்க் குழிகளில் இறக்குவதைத் தடுக்க 2013-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டும், அவற்றில் மூச்சடைத்து மாள்வோர் இன்றும் உளர். செய்தித்தாளில் இரண்டு வரியோடு அவர்கள் கதை முடிகின்றது. அத்தகைய சாவு நம் நகரில் நிகழும்போது, எச்சாதியார் எம்மதத்தார் என்று கேளாமல், நம் சங்கத்தார் நால்வரேனும் அவ்வீட்டு வாயிலில் சென்று நிற்கவேண்டும். இறுதிக் கடனுக்குத் தோள் கொடுக்கவேண்டும். கைம்பெண்ணுக்கு உரிய இழப்பீட்டு மனுவை எழுதிக்கொடுக்கவேண்டும். அம்மரணத்திற்குப் பொறுப்பானவர் யார் என்று அஞ்சாமல் கேட்கவேண்டும். நம்முள் படுக்கையிற் கிடக்கும் முதியோரை, அடுத்த பௌர்ணமிக்கு முன் ஒருமுறையேனும் சென்று காணவேண்டும்.

அன்று ஐயம் எழுப்பிய இளம் உபாசகர்க்கு என் விடை இதுவே. கண்டபின் உன்னை எழுந்து நடக்கச் செய்யுமாயின், அப்படத்தைக் காண்பது குற்றமன்று. கண்டும் இருந்த இடத்திலேயே இருப்பாயாயின், உயர்ந்த படமும் உனக்குக் கேளிக்கையே.

நாம் உடுத்த ஆடை நம் செயலால் மெய்யாகுக! எல்லா உயிர்களும் துன்பம் நீங்கி நலமுறுக!

நமோ புத்தாய! சாது! சாது! சாது!