கைக்குழந்தையும் கோடைப் பிரயாணமும்



பள்ளிக்கூடங்கள் அடைத்தாயிற்று. அக்கினி நட்சத்திரம் நெருங்குகிறது. எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாலும், “சுவாமி, இந்த லீவுக்கு எங்கே போகலாம்?” என்ற பேச்சுதான். போய் வாருங்கள். குடும்பமாய்ச் சேர்ந்து மகிழ்வது சர்வேசுரனுக்குப் பிரியமான காரியமே. ஆனால் இவ்வாரம், முதல் பிள்ளையைக் கையில் ஏந்தியிருக்கும் இளம் பெற்றோரோடு கொஞ்சம் பேச விரும்புகிறேன். பாட்டன் பாட்டிமாரும் அருகில் அமர்ந்து கேளுங்கள்; உங்களுக்கும் இதில் பங்குண்டு.

சென்ற கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து எல்லாரும் போனபின் ஒரு சிறு வயதுத் தாய் பின்வரிசையில் உட்கார்ந்து கண் கலங்கிக்கொண்டிருந்தாள். மடியில் நாலு மாதக் குழந்தை. என்னம்மா என்று கேட்டேன். ஊரிலிருந்து உறவினர் வந்திருந்தார்களாம். ஒரே நாளில் காலையில் வண்டலூர், மத்தியானம் ஒரு வீட்டில் விருந்து, சாயங்காலம் பரங்கிமலை, இரவு கடற்கரை. விருந்து வீட்டில் பெரியவர்கள் படம் பிடிப்பதிலும் பரிமாறுவதிலும் இருக்க, பாயில் கிடந்த பிள்ளை முதன்முதலாய்க் குப்புற விழுந்திருக்கிறது. அதைக் கண்டவள் அந்த வீட்டு ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி மட்டுமே! மறுநாள் பிள்ளைக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது, வைத்தியரிடம் ஓடினார்கள், தேவ கிருபையால் சுகமாயிற்று. அந்தத் தாய் சொன்ன வார்த்தை இன்னும் என் காதில் நிற்கிறது: “சுவாமி, எல்லா இடத்தையும் பார்த்தோம், பிள்ளையைத்தான் பார்க்கவில்லை.”

பிரியமானவர்களே, நம் ஆண்டவர் கைக்குழந்தையாய் ஆலயத்துக்குச் சென்ற பிரயாணத்தை நினைத்துப் பாருங்கள். பிறந்து 40 நாள் ஆனபின், பெத்லகேமிலிருந்து எருசலேமுக்கு. ஏறக்குறைய 9 கிலோமீட்டர். நம் திருநீர்மலையிலிருந்து பரங்கிமலைக்குப் போகும் தூரத்தைவிடச் சற்றுக் குறைவு. காணிக்கையோ ஏழைகள் கொடுக்கும் ஒரு ஜோடிப் புறா. அந்தத் தேவாலயம் அக்காலத்தில் உலகமே வியந்த கட்டடம். ஆனால் இந்தப் பிரயாணத்தைச் சொல்லும் இடத்தில் அர்ச். லூக்காஸ் அதன் தூண்களையும் பொன்னையும் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்ட சிமையோன் என்ற பக்தரைப் பற்றியே எழுதுகிறார். அந்தப் பிள்ளைக்காகவே அவர் நெடுநாள் காத்திருந்தார். அன்று ஆலயத்தில் அத்தனை கூட்டம் இருந்தும், அவர் கண் குழந்தையின் மேல்தான் இருந்தது.

காத்திருப்பது என்றால் என்னவென்று நம்மூர் மலையே சொல்லும். நம் அயலார் இந்த மலையை 108 திவ்ய தேசங்களில் ஒன்றாகப் போற்றுகிறார்கள். திருமங்கையாழ்வார் இங்கு வந்தபோது மலையைச் சுற்றிலும் நீர் சூழ்ந்திருந்ததாகவும், அது வடியும்வரை அவர் 6 மாதம் காத்திருந்ததாகவும், அதனாலேயே நீர்மலை என்று பெயர் வந்ததாகவும் சொல்வார்கள். அதேபோல் பரங்கிமலையின் மேல் 1523-ம் ஆண்டு போர்த்துக்கீசியர் எழுப்பிய கோவில் யாருக்கு அர்ப்பணிக்கப்பட்டது? எதிர்பார்ப்பின் மாதாவுக்கு. பிள்ளையை வயிற்றில் சுமந்து, நாளை எண்ணிக் காத்திருந்த தாய்க்கு! ஆகவே இரண்டு மலைகளும் நமக்கு ஒரே பாடத்தைச் சொல்கின்றன. குழந்தை வந்த வீட்டில் காலத்தைக் குறிப்பது சுவரில் உள்ள கடிகாரமல்ல, தொட்டிலில் உள்ள பிள்ளையே.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பருவம் பருவமாய்ப் பிரித்தார்கள். 3-ம் மாதம் காப்பு; 5-ம் மாதம் தலையை நிமிர்த்தி ஆடும் செங்கீரை; 7-ம் மாதம் தாலாட்டுக் கேட்கும் தால்; 9-ம் மாதம் கைகொட்டும் சப்பாணி; 11-ம் மாதம் முத்தம்; 13-ம் மாதம் தளர்நடையிட்டு வரும் வாரானை. அரசனின் பிள்ளையானாலும் செங்கீரைக்கு முன் சப்பாணி வராது. ஆனால் நாமோ, “எதிர் வீட்டுப் பிள்ளை தவழ்ந்துவிட்டதே, நம் பிள்ளை ஏன் இன்னும் புரளவில்லை?” என்று இளந்தாயின் மனதைப் புண்படுத்துகிறோம். மாமியார்மாரே, இந்தப் பேச்சு வேண்டாம். ஒரே கொடியில் இரண்டு மொட்டு ஒரே நாளில் மலர்வதில்லை. மெய்யாகவே சந்தேகம் இருந்தால், ஐந்து மாதமாகியும் தலை நிற்கவில்லையென்றால், வைத்தியரிடம் காட்டுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

அப்படியானால் குழந்தையோடு எங்குமே போகக்கூடாதா? போகலாம், குழந்தையின் அளவுக்குப் போங்கள். பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம்தான் தெளிவாய்த் தெரியும் என்கிறார்கள் வைத்தியர்கள். அது மார்பில் கிடக்கும் பிள்ளைக்கும் தாயின் முகத்துக்கும் உள்ள தூரம்! சிருஷ்டிகர் அதற்குக் காட்ட நினைத்த முதல் காட்சி அதுவே. 1855-ம் ஆண்டு சென்னையில் தொடங்கி, 1985-ம் ஆண்டு முதல் வண்டலூரில் விரிந்து கிடக்கும் மிருகக்காட்சிசாலை அருமையான இடந்தான்; ஆனால் நாலு மாதப் பிள்ளைக்குப் புலியும் ஒன்று, வாசலில் வரும் காகமும் ஒன்று. நடக்கத் தொடங்கியபின் அழைத்துப் போங்கள். அதுவே விரல் நீட்டிக் காட்டும். இப்போதைக்கு விடியற்காலையில் ஏரிக்கரைப் பக்கம் ஒரு நடை போதும். பரங்கிமலைக்குப் போவதானால் வெயில் தாழ்ந்தபின் போங்கள். ஆர்மீனிய வணிகர் பேத்ரூஸ் உஸ்கான் 18-ம் நூற்றாண்டில் கட்டுவித்த படிகள் உண்டு. பிள்ளையும் பையுமாக அவற்றில் ஏறித் தாய் மூச்சு வாங்க வேண்டாம், வண்டி போகும் பாதையும் உண்டு.

இன்னொன்று. வெயிலுக்குத் தாகமாயிருக்குமே என்று ஆறு மாதம் ஆகாத பிள்ளைக்குச் சிலர் தண்ணீரும் இளநீரும் புகட்டுகிறார்கள். வேண்டாம். தாய்ப்பாலிலேயே அதற்கு வேண்டிய நீர் இருக்கிறது. அடிக்கடி பால் கொடுத்தால் போதும். தண்ணீர் குடிக்க வேண்டியவள் தாய். பேருந்து நிலையங்களில் 2015-ம் ஆண்டு முதல் அரசாங்கம் தாய்மார் பாலூட்ட அறைகள் அமைத்திருக்கிறது. கூச்சப்படாமல் கேட்டுப் போங்கள்.

தகப்பன்மாரே, உங்களுக்கு மாதிரிகை அர்ச். சூசையப்பர். எகிப்துக்குப் போகச் சம்மனசு சொன்னவுடன் அவர் இரவிலேயே எழுந்து, பிள்ளையையும் தாயையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டார். இரவிலே எழுந்தார் என்பதைக் கவனியுங்கள். நீங்கள் எழுகிறீர்களா? நடு இரவில் பிள்ளை அழுதால் திரும்பிப் படுத்துக்கொண்டு, பகலில் பிள்ளையோடு படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புவது தகப்பன் தொழில் ஆகாது. இந்த விடுமுறையில் ஒரு வாரம் துணி மடிப்பது, தொட்டில் ஆட்டுவது, பெண்சாதியை இரண்டு மணி நேரம் நிம்மதியாய்த் தூங்க விடுவது, இவற்றைச் செய்து பாருங்கள். அவளுக்கு அதைவிட நல்ல உல்லாசப் பிரயாணம் இல்லை.

ஆனால் காத்திருக்கக் கூடாத காரியங்களும் உண்டு. 6, 10, 14-ம் வாரங்களிலும் 9 மாதம் முடிந்தபோதும் போட வேண்டிய தடுப்பூசிகளைப் பிரயாணத்துக்காகத் தள்ளிப்போடாதீர்கள். ஞானஸ்நானமும் அப்படியே. பிறந்த சில வாரங்களுக்குள் கொடுக்க வேண்டும் என்கிறது 1983-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம். நாமோ மண்டபம் கிடைக்கவில்லை, துபாயிலிருந்து மாமன் வரவில்லை என்று மாதக்கணக்கில் நிறுத்துகிறோம். பிள்ளைக்காகக் காத்திருப்பது அன்பு. பிரியாணிக்காகப் பிள்ளையைக் காக்க வைப்பது அன்பாகுமா? ஞானத்தாய் தகப்பனும் தண்ணீரும் விசுவாசமும் போதும், வாருங்கள்.

பிள்ளை கோவிலில் அழுமே என்று வீட்டில் தங்கிவிடும் தாய்மாருக்கு ஒரு சொல். மறைந்த பாப்பு பிரான்சிஸ் 2014-ம் ஆண்டு ஜனவரி மாதம் சிஸ்தீன் சிற்றாலயத்தில் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது, பிள்ளை பசித்தால் அங்கேயே தயங்காமல் பால் கொடுக்கும்படி தாய்மாரிடம் சொன்னார். அங்கே ஆகுமானால் நம் சிறு கோவிலில் ஆகாதா? முன்வரிசைப் பெரியவர்களே, பிள்ளை அழும்போது திரும்பி முறைக்காதீர்கள். அந்தச் சத்தம் இல்லாத பங்குக்கு நாளை யார் இருப்பார்கள்?

பிரியமானவர்களே, இந்தக் கோடையில் போன இடம் ஒன்றும் உங்கள் பிள்ளைக்கு நினைவிராது. யார் தோளில் தூங்கியது, யார் முகம் பார்த்துச் சிரித்தது என்பது மட்டும் அதன் உடலிலும் உள்ளத்திலும் பதியும். ஆகவே ஒரு சிறு பிரதிக்கினை செய்துகொள்வோம். ஒரு நாளைக்கு ஓர் இடத்துக்கு மேல் பிள்ளையைத் தூக்கிச் செல்லோம். தினமும் அரைமணி நேரமாவது தாயும் தகப்பனும் கைப்பேசியை எடுத்து வைத்துவிட்டுப் பாயருகே உட்கார்ந்து, பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருப்போம். அது முதன்முதலாய்ப் புரளும் நாளில், அதைக் கண்டவர்கள் நாமாயிருப்போம்.

நான் சொன்ன அந்தத் தாயின் பிள்ளை இப்போது நடக்கிறது. முதல் அடி வைத்ததை வீட்டார் எல்லாரும் கண்டார்களாம், எங்கே தெரியுமா? அவர்கள் வீட்டு முற்றத்தில்.

சேசுபாலனும் தேவமாதாவும் அர்ச். சூசையப்பரும் உங்கள் வீடுகளையும் வழிகளையும் காப்பார்களாக. ஆமென்.