யார் ஈடுகட்டுகிறார்கள்?

மைலேஜ் குறைந்தால் மதுரைக்காரர் முதலில் சந்தேகப்படுவது பெட்ரோல் பங்க்கை. அளவில் அடிக்கிறான் என்பார். அடுத்த பழி ஏசி மீது விழும். சித்திரை வெயிலில் ஏசி போடாமல் காளவாசலிலிருந்து கோரிப்பாளையம் வரை போய்விட முடியுமா என்று அவரே அதற்குச் சமாதானமும் சொல்லிக்கொள்வார். பிறகு சிக்னல், சாலைப் பள்ளம், மாட்டுத்தாவணி நெரிசல். இப்போது எத்தனாலும் பட்டியலில் சேர்ந்துவிட்டது. இவற்றில் எதையும் முழுப் பொய் என்று தள்ள முடியாது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். இருபது சதவீதம் எத்தனால் கலந்தால் மைலேஜ் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்.

ஆனால் இந்தப் பட்டியலில் கடைசிவரை பெயர் வராத ஒரு பொருள் உண்டு. இன்ஜின் தலையில் திருகியிருக்கும், விரல் நீளமே உள்ள ஸ்பார்க் பிளக்.

அது செய்யும் வேலையை எண்ணிப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். கார் மணிக்கு அறுபது கிலோமீட்டரில் போகிறது, இன்ஜின் நிமிடத்துக்கு 2,500 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி. அப்படியானால் ஒரு கிலோமீட்டருக்கு ஒவ்வொரு பிளக்கும் 1,250 முறை பொறி விடுகிறது. முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடி முடிக்கும்போது மூன்றே முக்கால் கோடிப் பொறிகள். ஒவ்வொரு பொறியும் மின்முனையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி உலோகத்தைச் சுரண்டிக்கொண்டு போகிறது. ஒரு மில்லிமீட்டரை ஒட்டி இருந்த இடைவெளி, நம் மெக்கானிக்குகள் ‘கேப்’ என்பது, மெல்ல மெல்ல அகலமாகிறது. நிக்கல் முனை 1,455 டிகிரி வெப்பத்தில் உருகும். இரிடியம் முனை 2,446 டிகிரி வரை தாங்கும். அதனால்தான் சாதாரண பிளக்கை முப்பது, நாற்பதாயிரம் கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறார்கள். இரிடியம் பிளக் பல வண்டிகளில் ஒரு லட்சம் கிலோமீட்டர் வரை வருகிறது.

பிளக் மாற்றினால் மைலேஜ் எவ்வளவு கூடும்? கடைக்காரர் சொல்லும் கணக்கை அப்படியே நம்ப வேண்டியதில்லை. நல்ல நிலையில் உள்ள பிளக்கைக் கழற்றிவிட்டு விலை கூடிய பிளக்கைப் போட்டால் மைலேஜ் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். நீங்கள் வாங்கியது நீண்ட ஆயுளை மட்டும்தான். ஆனால் பழுது வெளியே தெரியும் அளவுக்கு டியூனிங் கெட்ட வண்டியைச் சரிசெய்தால் சராசரியாக நான்கு சதவீதம் எரிபொருள் மிச்சமாகும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. பிளக் அதில் ஒரு பகுதி மட்டுமே. லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் கொடுக்கும் கார் மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால், இந்த நான்கு சதவீதம் வருடத்துக்கு முப்பது லிட்டருக்கு மேல் வருகிறது. லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிவிட்ட காலத்தில், நான்கு சாதாரண பிளக்குகளின் விலையை விட அது எவ்வளவோ அதிகம்.

பணக் கணக்கு இத்தோடு முடிந்தது. என்னை யோசிக்கவைப்பது வேறொரு கேள்வி. இவ்வளவு தேய்ந்த பிறகும் அது ஏன் நமக்குத் தெரிவதே இல்லை?

தெரியாததற்குக் காரணம், பக்கத்தில் ஒருவன் ஈடுகட்டிக்கொண்டிருக்கிறான். அவன் பெயர் இக்னிஷன் காயில். இடைவெளி அகன்றால் பொறி பாய அதிக வோல்ட் வேண்டும். புதிய பிளக்குக்குப் பத்து, பதினைந்தாயிரம் வோல்ட் போதுமானது என்றால், தேய்ந்த பிளக் இருபது, இருபத்தைந்தாயிரம் கேட்கும். இன்றைய காயில்களால் முப்பதாயிரத்துக்கு மேலும் கொடுக்க முடியும். அதனால் கேட்டதைக் கொடுத்துவிடுகின்றன. வண்டி வழக்கம்போல ஓடுகிறது. முதலாளிக்கு ஒன்றும் தெரியாது. காயில் மட்டும் தினமும் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகிக்கொண்டிருக்கும்.

மதுரையின் சமவெளியும் இதற்கு உடந்தை. திருமங்கலத்துக்கோ மேலூருக்கோ நாற்கரச் சாலையில் சீராகப் போகும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவு. பொறி எளிதாகப் பாயும். வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் மலைப்பாதையில் குடும்பத்தோடு ஏறிப் பாருங்கள். மிதிக்க மிதிக்க அழுத்தம் கூடும், கேட்கும் வோல்ட்டும் கூடும், கடைசியில் காயிலால் முடியாமல் போகும். வண்டி திக்கும். “மிஸ்ஸிங் அடிக்குதுண்ணே” என்று டிரைவர் சொல்லும்போதுதான் விஷயம் வெளியே வருகிறது. பிளக் என்னவோ அன்றைக்குத்தான் கெட்டது போல நாம் திட்டுவோம். ஆனால் அது கீழே, நல்ல சாலையில், பல மாதங்களாகவே கெட்டுக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நடப்பது இன்னும் விசித்திரம். பொறி தவறிய சிலிண்டரிலிருந்து எரியாத பெட்ரோலும் பயன்படாத காற்றும் சேர்ந்தே வெளியேறுகின்றன. புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் காற்றை மட்டும்தான் பார்க்கும். பெட்ரோலைப் பார்க்கத் தெரியாது. ஆக்சிஜன் மிஞ்சியிருப்பதைக் கண்டு, கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று அது தவறாகச் சொல்கிறது. வண்டியின் கம்ப்யூட்டர் அதை நம்பி இன்னும் கூடுதலாகப் பெட்ரோலைப் பாய்ச்சுகிறது. வீணாவதைத் தடுக்க வைத்த ஏற்பாடே வீணாவதைப் பெருக்குகிறது. எரியாத பெட்ரோல் பின்னால் போய் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் எரிந்து அதையும் கெடுக்கிறது. பிளக்கின் விலையைப் போலப் பல மடங்கு செலவு வைக்கும் பொருள் அது.

இப்படி மறைந்தே தேய்வது எப்போதும் இருந்த நிலைமை இல்லை. 1980இல் டிவிஎஸ் 50 சாலைக்கு வந்தபோது, உசிலம்பட்டிப் பக்கத்துப் பால்காரருக்கும் சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்கால்காரருக்கும் பிளக் அந்நியப் பொருளாக இருக்கவில்லை. அது இரண்டு ஸ்ட்ரோக் வண்டி. பெட்ரோலோடு ஆயிலும் கலந்து எரியும். பிளக்கில் கரி ஏறும். ஃப்ளைவீல் மேக்னெட்டோ கொடுக்கும் மின்சாரத்தில் தாராளம் கிடையாது. கரி கொஞ்சம் படிந்தாலே வண்டி வழியில் நின்றுவிடும். அதனால் வண்டியிலேயே பிளக் ஸ்பேனர் இருக்கும். புளியமரத்து நிழலில் நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, உப்புத்தாளில் தேய்த்து, பெட்ரோலில் கழுவி, ஊதி மாட்டினால் வண்டி கிளம்பும். பிளக்கின் நிறம் பார்த்தே இன்ஜினின் உடம்பைச் சொல்லிவிடுவார்கள். இளம் பழுப்பு என்றால் ஆரோக்கியம். கரும்புகைப் படிவம் என்றால் பெட்ரோல் அதிகம். வெளிறியிருந்தால் சூடு அதிகம். அந்த வண்டியில் ஈடுகட்ட ஆள் இல்லை. தேய்வு தேய்வாகவே தெரிந்தது. ஏழை வண்டி தன் குறையை உடனே சொன்னது. வசதியான வண்டி கடைசிவரை சொல்வதில்லை.

அந்த மொபெட்டின் பெயரில் இருக்கும் டி. வி. சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம் 1911இல் தொடங்கியது. அதன் தலைமையகம் மதுரை மேலவெளி வீதியில் வளர்ந்தது. அந்த நிறுவனம் ஓட்டிய பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று மதுரையில் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அந்த நேரம் தவறாமைக்குப் பின்னால் இருந்தது வேகம் இல்லை, பராமரிப்பு. மாட்டு வண்டிகள் நிறைந்த அந்தக் காலச் சாலையில் லாட ஆணிகள் சிதறிக் கிடக்கும். ஆணி குத்திய பிறகு டயரை மாற்றுவது ஒரு வழி. அவர்களோ காந்தம் பூட்டிய வண்டியைச் சாலையில் ஓட்டி ஆணிகளை முன்கூட்டியே பொறுக்கினார்கள். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது கரிவாயுவில் வண்டி ஓட்டும் கருவியைச் செய்தார்கள். சொட்டு எரிபொருளின் அருமை தெரிந்த காலம் அது. வண்டி நின்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கு அங்கே இடமே இருந்திருக்காது.

மதுரைச் சமவெளிக்கு இந்தப் பாடம் மோட்டார் வருவதற்கு முன்பே தெரியும். இது கண்மாய்களின் நிலம். மழைக்கு முன் ஊர் கூடி வரத்துக் கால்வாயைச் சுத்தம் செய்து, கரையை உயர்த்தி, மடையையும் கலுங்கையும் சரிபார்ப்பார்கள். குடிமராமத்து என்று அதற்குப் பெயர். கண்மாய் உடைந்த பிறகு கூடிய கூட்டமில்லை அது. உடையாதபோதே கூடிய கூட்டம். பிறகு அந்த வழக்கம் தளர்ந்தது. வண்டல் சேர்ந்தது, கொள்ளளவு குறைந்தது. ஆனாலும் ஊர் பதறவில்லை. ஏன்? போர்வெல் வந்துவிட்டது. கண்மாய் கொடுக்காத தண்ணீரை அது கொடுத்தது. கண்மாய் தூர்ந்ததைக் கண்மாய் சொல்லவில்லை. பல வருடம் கழித்து, ஆழம் கூட்டக் கூட்ட வறண்டுபோன போர்வெல்தான் சொன்னது. காயில் செய்த அதே வேலை, அதே முடிவு. 2016–17இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே தூர்வாரும் திட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. அதற்குள் எத்தனையோ கண்மாய்கள் தங்கள் ஆழத்தை இழந்திருந்தன.

தேய்வது ஏன் நமக்குத் தெரிவதில்லை என்ற கேள்வியின் விடை இப்போது தெளிகிறது. ஒன்று தேய்வது அது ஓடுவதைப் பார்த்தால் தெரியாது. அதற்காக இன்னொன்று எவ்வளவு சிரமப்படுகிறது என்று பார்த்தால்தான் தெரியும். எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது என்று நாம் நிம்மதியாக இருக்கும் இடங்களில் பாதி, யாரோ ஒருவர் கூடுதலாகச் சுமப்பதால் ஓடுகிறது. ஆறு பேர் வேலையை நான்கு பேர் பார்க்கும் அலுவலகம் தடையில்லாமல் நடக்கிறது என்றால், ஆட்கள் போதும் என்று அர்த்தமில்லை. அந்த நால்வரின் உடம்பு இன்னும் தாங்குகிறது, அவ்வளவுதான். வீட்டில் குறை ஒன்றும் இல்லை என்று சொல்லும் ஆண்கள் பெரும்பாலும் அந்த வீட்டின் பெண்களைக் கேட்டதில்லை. தாங்குகிறவர் விழும் நாளில் நாம் அவரைத்தான் குறை சொல்வோம், மலைப்பாதையில் பிளக்கைத் திட்டியது போல. உண்மையில் தவறு பல காலம் முன்பே, எல்லாம் சரியாக இருந்ததாக நாம் நம்பிய சமவெளியிலேயே நடந்துவிட்டது.

ஆகவே பராமரிப்பு என்பது பழுது பார்ப்பதன் இன்னொரு பெயர் இல்லை. பழுது நம்மைக் கூப்பிடும். பராமரிப்புக்கு நாமாகப் போக வேண்டும். கூப்பிடாத இடத்துக்குப் போகிற மனசு பழக்கத்தால் வருவது. அதற்குத்தான் கிலோமீட்டர் கணக்கும், நாள்காட்டியும், ஊர்க் கட்டுப்பாடும் வேண்டியிருந்தன. சிக்கனத்தின் வேரும் அங்கேதான் இருக்கிறது. பெட்ரோல் விலை ஏறும் நாளில் பதறுகிறவர் சிக்கனக்காரர் ஆகிவிட மாட்டார். வண்டி நன்றாக ஓடும் நாளிலேயே பிளக்கைக் கழற்றிப் பார்க்கிறவர்தான் சிக்கனக்காரர்.

கார் வாங்கியபோது கொடுத்த கையேடு டேஷ்போர்டில் பிரிக்கப்படாமல் கிடக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை அதைப் பிரித்து, பிளக் எத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்று பாருங்கள். மீட்டர் அதைத் தாண்டியிருந்தால் வண்டி திக்கும்வரை காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள். அப்படியே வீட்டிலும் வேலையிடத்திலும் உங்களுக்காக வாய் திறக்காமல் ஈடுகட்டிக்கொண்டிருப்பவர் யார் என்று கேட்டு, அவர் சுமையில் ஒரு பங்கை இறக்கிவையுங்கள். அவர்களாக வந்து சொல்ல மாட்டார்கள்.