முள்ளும் விளக்கும்

பழைய மோட்டார் கார் ஒன்றின் முன் ஆசனத்தில் உட்கார்ந்தவர்கள், ஸ்டியரிங் சக்கரத்துக்கு அப்பால் சிறிய வட்டங்கள் சில இருப்பதைப் பார்த்திருப்பார்கள். ஒன்று வேகத்தைச் சொல்லும். அது எல்லாருக்கும் தெரியும். இன்னொன்று பெட்ரோலைச் சொல்லும். அதுவும் தெரியும், மணிபர்ஸோடு சம்பந்தப்பட்ட விஷயம் அல்லவா? மற்ற வட்டங்கள் என்ன சொல்கின்றன என்று கேட்டால், காரின் சொந்தக்காரரே பல சமயங்களில் சிரித்து மழுப்பி விடுவார். ஆனால் காரின் உயிர் அந்த மற்ற வட்டங்களில்தான் இருக்கிறது.

இதைப் பற்றி எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். நான் கதை எழுதுகிறவன். ஸ்பானர் பிடிக்கிறவன் அல்ல. உண்மைதான். ஆனால் அந்தக் கருவிகளை உற்றுப் பார்க்கப் பார்க்க, அவற்றில் இயந்திர சாஸ்திரத்தோடு ஒரு தர்மப் பிரச்சினையும் இருப்பதாக எனக்குத் தோன்றியது. அபாயம் வந்துவிட்ட பிறகு ஒருவனுக்குச் சொன்னால் போதுமா? அது வழியில் வந்துகொண்டிருக்கும்போதே சொல்ல வேண்டுமா? சொல்கிறவனுடைய கடமை எது, கேட்கிறவனுடைய கடமை எது?

பிரிட்டனில் பி.எம்.சி. என்ற ஒரே கம்பெனி 1960களில் இரண்டு கார்களை விற்றது. ஒன்று மாரிஸ் மைனர். 1948-ல் பிறந்த அந்த வண்டி குடும்பஸ்தருக்கென்றே ஏற்பட்டது. இலங்கையிலே இன்றும் அதைப் பிள்ளை போலப் பேணி ஓட்டுகிறவர்கள் உண்டு. மற்றொன்று 1962-ல் வந்த எம்.ஜி.பி.; இளைஞர்கள் வேகமாக ஓட்டி மகிழ்வதற்கான இரட்டை ஆசன வண்டி.

பிற்கால மாரிஸ் மைனரின் முன்பலகை மிகவும் எளிமையானது. நடுவில் ஒரே ஒரு பெரிய வட்டம். வேகமும் பெட்ரோல் அளவும் அதற்குள்ளேயே இருக்கும். எஞ்சினுக்குள் எண்ணெய் சரியாக ஓடுகிறதா என்பதைச் சொல்ல முள் கிடையாது. ஒரு சின்ன விளக்குத்தான் உண்டு. எம்.ஜி.பி.யிலோ எண்ணெயின் அழுத்தத்துக்கு ஒரு முள், தண்ணீரின் சூட்டுக்கு ஒரு முள் என்று தனித்தனியாக உண்டு.

அந்த எண்ணெய் முள் வேலை செய்கிற விதம் அழகானது. எஞ்சினிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று முன்பலகை வரை வருகிறது. கருவிக்குள், வளைத்து ஒரு முனை மூடப்பட்ட தட்டையான குழல் ஒன்று இருக்கிறது. பிரெஞ்சுக்காரரான யூஜீன் பூர்தோன் என்பவர் 1849-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அழுத்தம் ஏறினால் வளைந்த குழல் சற்றே நிமிர முயல்கிறது. அந்த நிமிர்தலைப் பல் சக்கரம் ஒன்று முள்ளின் அசைவாக மாற்றுகிறது. மின்சாரமோ தந்திரமோ ஒன்றும் இல்லை. எஞ்சினுக்குள் பாயும் அதே எண்ணெய் நம் கண்ணுக்கு எதிரே வந்து நின்று தன் நிலைமையைத் தானே சொல்கிறது.

விளக்கின் கதை வேறு. எஞ்சினில் ஒரு சிறிய சுவிட்சு இருக்கும். அழுத்தம் மிகவும் குறைந்தால், சாதாரணமாகச் சதுர அங்குலத்துக்குப் பத்து பவுண்டுக்கும் கீழே போனால், சுவிட்சு இணைந்து விளக்கு எரியும். நன்றாக இருக்கும் எம்.ஜி.பி. ஓடும்போது ஐம்பதிலிருந்து எண்பது பவுண்டு வரை காட்டும். அறுபது நாற்பதாகி, நாற்பது இருபதாவது ஒரு நாளில் நடப்பதில்லை. பேரிங்குகள் தேய்ந்து, எண்ணெய் கசிந்து ஒழுகுவதற்கு வருஷங்கள் ஆகின்றன. அத்தனை வருஷமும் முள் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே இருக்கும். விளக்கோ அறுபதிலும் மௌனம், இருபதிலும் மௌனம். அது வாய் திறக்கும் வேளையில் கதை பெரும்பாலும் முடிந்திருக்கும்.

"சாதாரண மனிதனுக்கு விளக்குப் போதும்" என்று வாதிக்கிறவர்கள் உண்டு. அவர்கள் வாதத்தை அலட்சியம் செய்துவிட முடியாது. ரோட்டைப் பார்க்க வேண்டியவன் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தால் முன்னால் போகும் மாட்டு வண்டியில் மோதுவான். மேலும், முள் சொல்வது எல்லாருக்கும் விளங்கிவிடாது. காலையில் எஞ்சினைக் கிளப்பியதும் அழுத்தம் ஜோராக ஏறி நிற்கும். அது எஞ்சினின் பலம் அல்ல. குளிர்ந்த எண்ணெயின் கெட்டித்தன்மை. மத்தியான வெயிலில் வண்டி நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது முள் இறங்கிக் கிடக்கும். அது நோய் அல்ல. சூட்டில் எண்ணெய் இளகியிருக்கிறது. இதை அறியாதவன் காலையில் வீண் பெருமையும் மத்தியானம் வீண் பயமும் அடைவான். இவனுக்கு முள் இருந்து என்ன லாபம்?

வாதம் சரிதான். ஆனால் அதிலிருந்து வரும் முடிவு சரியா? அறியாமை இருந்தால் கற்பிக்க வேண்டும் என்று சொல்வது ஒரு முடிவு. அறிய வேண்டியதையே எடுத்துவிடலாம் என்பது இன்னொரு முடிவு. இரண்டாவது மலிவானது. விளக்கு விலை குறைவு. மனிதர்களோடு நாம் நடந்துகொள்வதிலும் இந்த மலிவைத்தான் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறோம். "அவனுக்கு எதற்கு இதெல்லாம்? தாங்க மாட்டான்" என்கிறோம். தாங்க மாட்டானா என்று அவனைக் கேட்பதில்லை.

என் நண்பர் ஒருவர், ஓய்வு பெற்ற கல்லூரி ஆசிரியர், பழைய மாரிஸ் மைனர் ஒன்று வைத்திருக்கிறார். ஒரு நாள் அவரோடு ஒர்க் ஷாப்புக்குப் போயிருந்தேன். வயதான மெக்கானிக் ஒருவர் சாவியைத் திருப்பினார், எஞ்சினைக் கிளப்பவில்லை. முன்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பார்க்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"விளக்கு எரியுதான்னு பாக்குறேன் சார். வண்டி கிளம்புறதுக்கு முந்தி அது எரியணும். கிளம்பினதும் அணையணும்."

"எரியாவிட்டால் நல்லதுதானே?"

அவர் சிரித்தார். "பல்பு போயிருந்தாலும் எரியாதே சார். எரியலேன்னா எல்லாம் நல்லாயிருக்குன்னு எப்படிச் சொல்ல முடியும்? பேசத் தெரிஞ்சவன் சும்மா இருக்கானா, ஊமையா இருக்கானான்னு முதல்ல தெரியணும்ல?"

அந்தக் கேள்வியை நான் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நம் வீடுகளிலும் ஆபீசுகளிலும் நிலவும் அமைதியில் எவ்வளவு திருப்தியின் அமைதி, எவ்வளவு எரிந்துபோன பல்பின் அமைதி? தனக்குக் கீழே இருப்பவர்கள் ஒருநாளும் குறை சொன்னதில்லை என்று பெருமைப்படும் அதிகாரி, அவர்களால் குறை சொல்ல முடியுமா என்று ஒரு தடவையாவது சாவியைத் திருப்பிப் பார்த்திருப்பாரா? இடித்துச் சொல்லும் துணை இல்லாத அரசனைப் பற்றித் திருவள்ளுவர் கவலைப்பட்டிருக்கிறார். அரசர்கள் போய்விட்டார்கள், கவலை போகவில்லை.

முள் இருந்தால் மட்டும் போதும் என்றும் நினைத்துவிடக் கூடாது. தண்ணீரின் சூட்டை அறிவதற்கு, மின்சாரத்தில் இயங்கும் கருவிகளில், எஞ்சினுக்குள் ஒரு சென்சாரைத் தண்ணீரில் தோயும்படி வைத்திருப்பார்கள். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும், முள் ஏறும். அது தன்னைத் தொட்டுக்கொண்டிருப்பதன் சூட்டைத்தான் சொல்லும். ரப்பர்க் குழாய் வெடித்துத் தண்ணீர் முழுவதும் கொட்டிப் போனால், சென்சார் வெறுங் காற்றில் தொங்கும். அப்போது எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்க, முள் கீழே இறங்கியும் விடலாம்.

எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இப்படி நேர்ந்தது. முள் மேலே ஏறியதைப் பார்த்துப் பயந்து வேகத்தைக் குறைத்தார். சிறிது நேரத்தில் முள் தானாகவே இறங்கியது. "அப்பாடா!" என்று பெருமூச்சு விட்டு மேற்கொண்டு ஓட்டினார். அடுத்த ஊர் வருவதற்குள் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. முள் பொய் சொன்னதா என்றால், இல்லை. தான் தொட்டதை அது உண்மையாகவே சொன்னது. தொட வேண்டியதைத் தொடவில்லை, அவ்வளவுதான்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. முள் ஏறியபோது அவர், "கருவி சரியாக இருக்கிறதா?" என்று சந்தேகப்பட்டாராம், கண்ணாடியைத் தட்டிக்கூடப் பார்த்தாராம். இறங்கியபோது சந்தேகமே வரவில்லை. நாம் விரும்பாததைச் சொல்கிறவனிடம் ஆயிரம் சாட்சி கேட்கிறோம். விரும்பியதைச் சொல்கிறவனை உடனே நம்பிவிடுகிறோம். நேர்மை என்பது பிறரிடம் உண்மை பேசுவதோடு முடிவதில்லை. நமக்கு இனிக்கும் செய்தியையும் கசக்கும் செய்தியையும் ஒரே தராசில் நிறுப்பதும் நேர்மைதான். மெக்கானிக்கு இதை அறிவார். 1960களின் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பெட்ரோல் முள்ளுக்கும் சூட்டு முள்ளுக்கும் சேர்த்து, மின்சாரத்தைப் பத்து வோல்ட் அளவில் நிறுத்தும் சிறு பெட்டி ஒன்று உண்டு. இரண்டு முள்களும் ஒரே சமயத்தில் மேலே ஏறினால் அவர் எஞ்சினைத் திட்ட மாட்டார், முள்ளையும் திட்ட மாட்டார். இரண்டுக்கும் பொதுவான அந்தப் பெட்டியைத் தேடிப் போவார். நல்ல செய்தியானாலும் கெட்ட செய்தியானாலும், அது எந்த வழியாக வந்தது என்று பார்ப்பது அவர் வழக்கம்.

அந்தக் காலத்துப் பெட்ரோல் முள் மிகவும் நிதானமானது. உள்ளே ஈருலோகப் பட்டை ஒன்று சூடேறி மெதுவாக வளையும். முள் மெதுவாக நகரும். வளைவுகளில் டாங்கியில் பெட்ரோல் அலைமோதும்போது முள்ளும் கூடவே துள்ளினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. ஆகவே அலை அடங்கட்டும் என்று அது சற்றுப் பொறுத்துச் சொல்கிறது. இந்தத் தாமதம் நேர்மையானது. ஆனால் 1980களின் இறுதியிலும் 1990களிலும் சில கார்களில் வேறொரு வேலை செய்தார்கள். எண்ணெய் முள் இருக்கும். எஞ்சினில் இருப்பதோ விளக்குக்கு உரிய அதே சுவிட்சு. அழுத்தம் மிகவும் குறைந்தாலொழிய முள் நடுவிலேயே நிற்கும். பார்ப்பவனுக்கு எல்லாம் தெரிந்த மாதிரி ஒரு நிம்மதி. உண்மையில் விளக்கு சொல்வதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அசைகிற முள் பல பேரைக் கலவரப்படுத்தியது, அதனால் அசையாத முள்ளைக் கொடுத்தோம் என்று சமாதானம் சொல்லலாம். கசப்பான செய்தியைச் சமயம் பார்த்துச் சொல்வது கருணை. சொல்வது போலப் பாவனை செய்து சொல்லாமலே இருப்பதற்குக் கருணை என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் தெருவில் ஓர் அம்மாள் இருந்தாள். கணவர் இறந்த பிறகு மகன் வீட்டோடு வந்துவிட்டாள். மகன் நல்லவன். தினமும் ஆபீசுக்குப் புறப்படும்போது, "எப்படியம்மா இருக்கு உடம்பு?" என்று கேட்பான். "எனக்கென்னடா, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்பாள். ஒரு வெள்ளிக்கிழமை கோவிலிலிருந்து திரும்பும்போது படியில் சாய்ந்தவள் எழுந்திருக்கவில்லை. இருதயம் பல வருஷமாகவே பழுதாகி வந்திருக்கிறது என்றார் டாக்டர். "ஒரு வார்த்தை சொல்லவில்லையே!" என்று மகன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

அவள் சொல்லவில்லை என்பது உண்மை. மகனுக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்ற அன்பினால்தான் சொல்லவில்லை. ஆனால் தெருவில் இருந்த எங்களுக்கே சில விஷயங்கள் தெரிந்திருந்தன. இரண்டு குடம் தண்ணீரை ஒரே நடையில் கொண்டுபோனவள் ஒவ்வொரு குடமாகக் கொண்டுபோக ஆரம்பித்தாள். பிறகு அரைக் குடமாயிற்று. மாடிப்படியின் நடுவில் உட்கார்ந்து கீரை ஆய்வது போல நேரம் போக்குவாள். மூன்று பிரகாரம் சுற்றியவள் ஒன்றோடு நிறுத்திக்கொண்டாள். வாய் விளக்காக இருந்தது. கையும் காலும் முள்ளாக இருந்தன. மகன் தினமும் விளக்கைப் பார்த்துவிட்டு நிம்மதியாக ஆபீசுக்குப் போனான்.

அவனைக் குற்றவாளி ஆக்குவது என் எண்ணம் அல்ல. அவன் கேட்டான், எத்தனை மகன்கள் அதுகூடக் கேட்பதில்லை! அவள் மறைத்ததிலும் தியாகம் இருக்கிறது. ஆனால் தியாகத்தின் கணக்கை யார் தீர்த்தார்கள் என்று பார்த்தால், மகன்தான். தாய்க்குச் செய்திருக்கக்கூடியதைச் செய்ய அவனுக்குச் சந்தர்ப்பமே இல்லாமல் போயிற்று. அன்புள்ளவர்களிடம் நம் நிலைமையை அவ்வப்போது காட்டிவைப்பது புலம்பல் ஆகாது. அவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதை. அதே போல, "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டு, வந்த பதிலோடு திருப்தி அடைவது மட்டும் அன்பு ஆகாது. நேற்று இருந்ததற்கும் இன்று இருப்பதற்கும் வித்தியாசம் தெரியும்படி ஒருவரைப் பார்த்து வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு எஞ்சினுக்கும் சொந்த இயல்பு ஒன்று உண்டு. ஒன்றுக்கு நாற்பது ஆரோக்கியம். மற்றொன்றுக்கு அதுவே வீழ்ச்சி. இலக்கத்தைத் தனியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பழகினவனுக்குத்தான் மாறுதல் தெரியும்.

தெரிந்துகொள்வதனால் பயம் வளருமே என்று கேட்கலாம். வளரும், கொஞ்ச நாளைக்கு. முள்ளோடு பழகிய பழைய டிரைவர்களைப் பாருங்கள். மலைப்பாதையில் முள் ஏறினால் அவர்கள் பதறுவதில்லை. ஓரமாக நிறுத்தி, எஞ்சின் ஆறும் வரை காத்திருப்பார்கள்; கொதிக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து கையைச் சுட்டுக்கொள்ள மாட்டார்கள். ஒரு பீடி, ஒரு டம்ளர் டீ, பிறகு தண்ணீர், பிறகு பயணம். முன்கூட்டியே தெரிந்ததனால் அவர்களுக்குக் கிடைத்தது அந்த அரை மணி நேர அவகாசம். சிவப்பு விளக்கு எரிந்த பிறகு அந்த அவகாசத்தை எவராலும் கொடுக்க முடியாது.