சமயம் என்றால் ஒப்பனை

கொல்லத்திலிருந்து ஆலப்புழை போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது சவறை. கருமணலுக்குப் பேர்போன ஊர். பங்குனியில், அதாவது மலையாளக் கணக்குக்கு மீனம் 10, 11 தேதிகளில், அங்குள்ள கொட்டன்குளங்கரை தேவி கோயிலைச் சுற்றி ஒப்பனைப் பந்தல்கள் முளைக்கும். வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் ஆண்கள். அன்றைக்குத்தான் மீசையை மழித்திருப்பார்கள். பச்சையாகத் தெரியும் மேலுதட்டின் மேல் பான்கேக் ஏறும். சவுரி வைத்து, பூச்சுற்றி, சேலை கட்டினால் வேலை முடிந்தது. கணவனின் கொசுவத்தை மனைவியே நீவிவிட்டு ஊக்கு குத்துவதும் உண்டு. பின்னிரவில் ஐந்து திரி எரியும் விளக்கைப் பிடித்தபடி, அம்மன் வரும் வழியில் ஆயிரக்கணக்கானவர்கள் இப்படி நிற்பார்கள். திருவிழாவின் பெயர் சமயவிளக்கு. இந்தச் ‘சமயம்’ மதமல்ல. மலையாளத்தில் அதற்கு ஒப்பனை என்று பொருள். தமிழ்க் காதுக்கு இரண்டும் ஒன்றாகவே விழுவது தற்செயல்தான், ஆனாலும் ரசிக்கத்தக்க தற்செயல்.

மாடு மேய்த்த பையன்கள் ஒரு கல்லில் தேங்காயை உடைத்தார்களாம். கல்லிலிருந்து ரத்தம் கசிந்ததாம். உள்ளே இருப்பது வனதுர்க்கை என்று சோதிடர்கள் சொல்ல, பெண் பிள்ளைகள் செய்ய வேண்டிய பூசையைப் பையன்களே பெண் வேடமிட்டுச் செய்தார்களாம். தலபுராணம் அவ்வளவுதான். வேலை கிடைக்க, நோய் தீர, கல்யாணம் கூட என்று வேண்டிக்கொண்டவர்கள் இன்று வருகிறார்கள். திருநங்கைகளும் பெருந்திரளாக வருகிறார்கள். எந்த வேண்டுதலும் இல்லாமல், சேலை கட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை ஒன்றை மட்டும் வருடக்கணக்காக மனசில் வைத்திருக்கும் ஆணுக்கும் அந்தக் கூட்டத்தில் இடமுண்டு. ‘வேண்டுதல்’ என்று ஒரு சொல் சொன்னால் போதும், யாரும் மேலே கேட்க மாட்டார்கள்.

கேரளத்துக்கு மட்டும் உரிய விசித்திரம் இல்லை இது. குலசேகரன்பட்டினம் தசராவில் முத்தாரம்மனுக்கு விரதமிருந்து காளியாகவும் குறத்தியாகவும் வேடம் கட்டி ஊர் ஊராகக் காணிக்கை பிரிப்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசிக்கு முதல் நாள் நம்பெருமாளே நாச்சியார் திருக்கோலத்தில் எழுந்தருளுகிறார். அன்றைக்கு அவர் அழகைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் அதே ஆள்தான், மறுநாள் பேருந்து நிலையத்தில் சேலை கட்டிய ஒரு ஆணைப் பார்த்து விசிலடிக்கிறான்.

இரட்டை வேடம் என்று திட்டிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அந்த ஆளின் மனசுக்குள் முரண்பாடு எதுவும் இல்லை என்பதுதான் யோசிக்க வேண்டியது. கோயில் வேடத்துக்குக் கழற்றும் நேரம் குறித்திருக்கிறது. விரதத்துக்குக் காப்புக் கட்டும் நாள் இருப்பதைப் போலக் காப்புக் களையும் நாளும் இருக்கிறது. திரும்பி வருவான் என்ற உத்தரவாதத்தின் பேரில்தான் எல்லை தாண்ட அனுமதி.

கூவாகத்தில் இது அப்பட்டமாகத் தெரியும். சித்திரையில் கூத்தாண்டவர் கோயிலில் அரவானுக்குத் திருநங்கைகள் தாலி கட்டிக்கொள்வது நாடறிந்த செய்தி. சுற்றுவட்டாரத்து ஆண்களும், குடும்பம் பிள்ளைகுட்டி உள்ள விவசாயிகளும், வேண்டுதலுக்காக அதே பூசாரி கையால் அதே மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொள்வது அவ்வளவாகப் படத்தில் வருவதில்லை. மறுநாள் அரவான் பலியானதும் எல்லோருக்கும் தாலி அறுபடும். விவசாயி முழுகிவிட்டு வீட்டுக்குப் போவார், ஊரில் அவர் பெயருக்கு ஒரு குறையும் வராது. பக்கத்தில் வெள்ளைச் சேலை கட்டி அழுதவரின் கதை அப்படியில்லை. அவருக்குக் கயிறுதான் அறுந்தது. வேடம் என்று களைய ஏதும் இல்லை.

அப்படியானால் வேடத்துக்கு மேல் எதையும் நம் சமயம் யோசிக்கவில்லையா? யோசித்திருக்கிறது. திருவாய்மொழியின் 100 பதிகங்களில் 27 பதிகங்களில் நம்மாழ்வார் பெண் குரலில் பேசுகிறார்: தலைவியாக 17, தாயாக 7, தோழியாக 3. உரையாசிரியர்களுக்கு இது ஒரு சிக்கல். இதைக் கவிஞனின் உத்தி என்று அவர்கள் சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். அவர்கள் அப்படிச் சொல்லவில்லை. ஆழ்வார் ‘தாமான தன்மை’ குலைந்து பிராட்டியின் நிலையை அடைந்தார் என்றார்கள். ஞானம் மேலோங்கும்போது தம் குரலிலும் காதல் மேலிடும்போது பெண்ணின் குரலிலும் பேசுகிறார் என்று விளக்கியது ஆசார்ய ஹிருதயம் என்ற வைணவ நூல். வேடம் என்ற சொல்லுக்கு அங்கே வேலையே இல்லை. தன்மை என்பதே பேச்சு.

இதை வைத்து நம்மாழ்வாரை இன்றைய பாலின உரிமைக்குச் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிடுவது சுலபம், ஆனால் சரியில்லை. வைணவத்தில் சீவனெல்லாம் பெண் என்றால், உடையவன் ஒருவன், மற்றவர்கள் அவனைச் சார்ந்தவர்கள் என்று அர்த்தம். பெண்மை அங்கே சார்ந்திருப்பதன் பெயர். அந்தக் கணக்கை எந்தப் பெண்ணும், திருநங்கையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று. உடம்பு ஒன்றாகவும் உள்ளே இருப்பவர் வேறாகவும் இருக்கலாம், அது பொய்யல்ல என்று எழுநூறு ஆண்டுக்கு முன்பே மடங்களில் உட்கார்ந்து வாதாடி ஏற்றிருக்கிறார்கள். ஏற்றது ஆழ்வார் ஒருவருக்காகத்தான் என்பது வேறு விஷயம்.

மதுரையில் பிறந்து, தஞ்சை கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் கற்ற திருநங்கை நர்த்தகி நடராஜ் தலைவியாகவே நின்று காதலைச் சொல்லும் இந்த நாயகி பாவத்தையே தன் சிறப்பாக ஆக்கிக்கொண்டார். 2019இல் பத்மஸ்ரீ பெற்றார். பிறர் அபிநயத்தால் எட்ட முயலும் இடத்திலிருந்து அவர் ஆடத் தொடங்குகிறார்.

நீதிமன்றம் சுற்றிவளைக்காமல் பேசியது. தன் பாலினம் இன்னதென்று ஒருவர் தாமே உணர்ந்ததை உடையாலும் சொல்லாலும் நடத்தையாலும் வெளிப்படுத்துவது கருத்துச் சுதந்திரத்தில் சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரலில் சொன்னது. தூத்துக்குடியில் 2018இல் ஒரு கோயிலில் தாலி கட்டிக்கொண்ட இணையின் திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்தார்கள். இந்துத் திருமணச் சட்டத்தில் உள்ள ‘மணமகள்’ என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று மறு ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. இந்தத் தாலிக்கு மறுநாள் அறுக்கும் சடங்கு கிடையாது. சிக்கலே அதில்தான் வந்தது.

சவறையில் விடியும்போது விளக்குகளை அணைத்துச் சாய்த்து வைப்பார்கள். தேங்காய் எண்ணெய் தொட்டுப் பான்கேக்கைத் துடைப்பார்கள். துணி கறுப்பும் சிவப்புமாக ஆகும். வாடகைச் சேலைகள் எண்ணி மடிக்கப்பட்டுக் கடைக்காரர் மூட்டைக்குள் போகும். சொந்தச் சேலையோடு வந்த சிலர் ஓரமாக நிற்பார்கள், கொல்லம் ரயில் நிலையம்வரை இதோடேயே போவதா, பையில் இருக்கும் சட்டையை எடுப்பதா என்று.