பெருநாள் மாலையும் கடற்கரை ராட்டினமும்

பெருநாள் தொழுகையும் குத்பாவும் முடிந்து, உற்றார் உறவினருக்கு ஸலாம் கூறி, பகல் விருந்தும் உண்டான பின், பிள்ளைகள் வாப்பாவின் சட்டையைப் பிடித்து இழுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். சென்னையில் திருவல்லிக்கேணியிலும் ராயப்பேட்டையிலும் வாழும் நம் குடும்பங்களில் அந்த இழுப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பது தெரிந்த செய்திதான். மெரீனா கடற்கரை! பெரியவர்களுக்கு அங்கே காற்று. பிள்ளைகளுக்கோ மணலில் நிற்கும் ராட்டினங்கள். கையால் தள்ளிச் சுற்றும் குடை ராட்டினம், அதில் தொங்கும் மரக்குதிரைகள், கூண்டுகள் மேலே போய்க் கீழே வரும் ராட்டினம், பலூன் சுடும் கடை, வளையம் எறியும் கடை என்று மாலை வேளையில் ஒரு சிறு விளையாட்டு ஊரே அங்கு எழும்பி நிற்கும்.

"இதற்கெல்லாம் பிள்ளைகளைக் கூட்டிப் போவது ஆகுமா, ஹஜ்ரத்?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் தாய்மார்கள். தந்தையரில் ஒரு சாரார் கேட்பதே இல்லை, போய்விடுகிறார்கள். இன்னொரு சாராரும் கேட்பதில்லை, தடுத்துவிடுகிறார்கள். மூன்றாவது ஒரு சாரார் உண்டு. பிள்ளைகளை அழைத்துப் போவார்கள். போன இடத்தில் முகத்தைச் சுளித்தபடி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பேணுதலுள்ள நம்மவர்கள் பலர் இந்த மூன்றாம் வகையினர் என்பதால் அவர்களை நோக்கியே எழுதுகிறேன்.

முதலில் ஒரு தடையை அகற்றிவிடுவோம். ராட்டினம் மாற்றாரின் பழக்கம், வெள்ளைக்காரன் கொண்டுவந்த கேளிக்கை என்று சிலர் சொல்வதுண்டு. இன்று உலகம் அறிந்த இரும்பு ராட்டினம் 1893ஆம் ஆண்டு அமெரிக்காவில் சிக்காகோ கண்காட்சியில் ஃபெர்ரிஸ் என்ற பொறியாளரால் நிறுவப்பட்டது உண்மையே. அதன் உயரம் 264 அடி. ஆனால் அதற்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, 1615இல், இத்தாலியப் பயணி பியத்ரோ தெல்லா வல்லே இஸ்தான்புல்லில் ரமலான் பண்டிகையின்போது மக்கள் பெரிய சக்கரங்களில் ஏறிச் சுற்றுவதைக் கண்டு, தாமும் ஏறி மகிழ்ந்ததாக எழுதி வைத்திருக்கிறார். 1620இல் பீட்டர் மண்டி என்ற ஆங்கிலேயர், உதுமானியர் ஆட்சியில் இருந்த, இன்றைய பல்கேரிய நாட்டு ஊரொன்றில் இத்தகைய ராட்டினங்களைப் பார்த்துக் குறித்திருக்கிறார். துருக்கியர் செய்தார்கள் என்பது நமக்கு மார்க்க ஆதாரமன்று. ஆயினும், பெருநாளுக்கும் ராட்டினத்திற்கும் உள்ள உறவு நேற்று வந்ததன்று என்பது விளங்கிவிடும்.

ஆதாரம் வேண்டுமாயின் அது மதீனாவில் இருக்கிறது. ஒரு பெருநாள் அன்று அபிசீனியர்கள் மஸ்ஜிதுந் நபவியில் ஈட்டியும் கேடயமும் கொண்டு விளையாடினார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அதனைக் காண, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் மேலாடையால் அவர்களை மறைத்தவாறு நின்றார்கள். ஸஹீஹுல் புகாரியில் வரும் இச்செய்தியை நாம் பயான்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். விளையாட்டு ஆகுமானது என்பதற்கு இதை எடுத்துக் காட்டிவிட்டு மேலே போய்விடுவது நம் வழக்கம். அதிலுள்ள இன்னொரு செய்தியில் சற்று நின்று பார்க்க வேண்டும்.

எவ்வளவு நேரம் நின்றார்கள்? அன்னையவர்கள் போதும் என்று தாமாக விலகும்வரை நின்றார்கள். ஆட்சியும் படையும் வஹியும் எவரது தோளில் சுமத்தப்பட்டிருந்தனவோ, அந்தத் தோளில் முகம் சாய்த்து ஓர் இளம் பெண் வேடிக்கை பார்த்தார்கள். முடிவு நேரத்தை அந்த இளம் பெண்ணிடமே விட்டிருந்தார்கள். விளையாட்டில் ஆசையுள்ள இளவயதுப் பெண்ணின் நிலையை நீங்களே எண்ணிப் பாருங்கள் என்ற கருத்தில் அன்னையவர்கள் பிற்காலத்தில் இதனை நினைவுகூர்ந்திருக்கிறார்கள். அனுமதி கொடுத்துவிட்டு நாயகம் (ஸல்) அவர்கள் உள்ளே போய்விடவில்லை, அவசரப்படுத்தவுமில்லை. விளையாடியவர்கள்மீது உமர் (ரலி) அவர்கள் பொடிக் கற்களை எறிந்தபோது, அவர்களை விட்டுவிடும்படி சொன்னார்கள்.

இப்போது கைக்கடிகாரத்தைப் பார்க்கும் வாப்பாவிடம் வருவோம். "ஒரு சுற்றுப் போதும், இறங்கு" என்று அவர் சொல்லும்போது பிள்ளை எதைக் கற்றுக்கொள்கிறது? மகிழ்ச்சி என்பது மார்க்கத்திற்குத் தெரியாமல் எடுத்துக்கொள்ளும் ஒன்று என்றல்லவா கற்றுக்கொள்ளும்? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் பிள்ளை வளர்ப்பைப் பற்றி எழுதும்போது, ஓதி முடித்த பிள்ளைக்கு நல்ல விளையாட்டுக்கு இடம் கொடுக்க வேண்டும், விளையாட்டைத் தடுத்து ஓதலிலேயே வருத்தினால் அதன் கல்பு செத்துவிடும் என்ற கருத்தைச் சொல்கிறார்கள். மதரஸா நடத்தும் நம் போன்றவர்கள் அடிக்கடி படிக்க வேண்டிய இடம் அது.

நிற்பது என்றால் வெறுமனே நிற்பதன்று. யூசுப் (அலை) அவர்களை உண்ணவும் விளையாடவும் அனுப்பும்படி சகோதரர்கள் கேட்டபோது, யஃகூப் (அலை) அவர்கள் விளையாட்டைக் குறை கூறவில்லை. ஓநாயை அஞ்சினார்கள், அதைவிட, நீங்கள் கவனமற்று இருந்துவிடுவீர்களே என்பதை அஞ்சினார்கள். மெரீனாவில் ஓநாய் இல்லை, கடல் இருக்கிறது. கரையை ஒட்டியே ஆழமும் இழுப்பும் உள்ள கடல் அது. கால் நனைக்கப் போன பிள்ளைகள் திரும்பாத செய்தியை எத்தனை முறை படித்திருக்கிறோம்! 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை, அதே மணலில் நடந்தவர்களையும் விளையாடியவர்களையும் ஆழிப்பேரலை வாரிச் சென்றதை மறந்தவர் இல்லை. ராட்டினத்தில் இரு பிள்ளைகள் சுற்றும்போது மூன்றாவது பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்ப்பவர்தாம் உடன் நிற்பவர்.

பயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சில பிள்ளைகளுக்கு உயரம் ஆகாது. அழும். சாச்சாவும் மாமாவும் சேர்ந்து அதைத் தூக்கிக் கூண்டில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டுக் கீழே நின்று சிரிப்பார்கள்; இப்போது அதைச் செல்போனில் படமும் பிடிக்கிறார்கள். ஒரு பயணத்தில் தூங்கிக்கொண்டிருந்த தோழர் ஒருவரின் கயிற்றை மற்றவர்கள் வேடிக்கையாக எடுக்க, அவர் திடுக்கிட்டார். ஒரு முஸ்லிமைத் திடுக்கிடச் செய்வது ஆகுமானதன்று என்று நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள் என அபூதாவூதில் வருகிறது. வயது வந்த வீரருக்கே இந்த உரிமை என்றால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு! தானாக விரும்பி ஏறி, மேலே போனதும் அலறி, இறங்கியதும் "இன்னொரு தடவை" என்று கேட்கும் பிள்ளையின் பயம் வேறு. அது இன்பத்தின் ஒரு பகுதி. (மேட்டில் ஏறும்போது தக்பீரும் இறங்கும்போது தஸ்பீஹும் சொல்லும் ஸஹாபாக்களின் வழக்கம் பயணத்திற்குரியது. ராட்டினத்திற்கு அது சுன்னத் என்று யாரும் என் பெயரைச் சொல்லிப் பரப்பிவிட வேண்டாம். பிள்ளை சொன்னால் மட்டும் தடுக்காதீர்கள்.)

இனி, கடைகள். ராட்டினத்திற்குக் கொடுக்கும் காசு கூலி, இஜாரா. எத்தனை சுற்று, எவ்வளவு காசு என்று முன்பே தெரிந்துகொண்டால் சண்டைக்கு இடமில்லை. பலூன் சுடும் கடையில், இத்தனை குண்டுக்கு இவ்வளவு காசு, பரிசு எதுவும் இல்லை என்றிருந்தால் அதுவும் கூலியே; குறி பார்த்து எய்வதை நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பியும் இருக்கிறார்கள். வளையம் எறியும் கடையின் சங்கதி வேறு. காசைக் கொடுத்து வளையம் வாங்குகிறோம், விழுந்தால் சோப்பு, கண்ணாடிப் பொம்மை, விழாவிட்டால் ஒன்றுமில்லை. பிள்ளையின் கை வளையத்தில் இருக்கிறது, கண் பொம்மையில் இருக்கிறது. கொடுத்த காசு போகலாம், கூடுதலாகவும் வரலாம் என்ற நிலைக்குத்தான் ஷரீஅத்தில் கிமார், சூது என்று பெயர். அம்பெய்தலுக்குப் பரிசு வைக்க அனுமதி இருக்கிறதே என்று வாதிடுவோர் உண்டு. அந்த அனுமதி போர்ப் பயிற்சிக்கு, அதுவும் நிபந்தனைகளோடு. சோப்புக் கட்டியை வளையத்தில் பிடிப்பது எந்தப் போருக்குப் பயிற்சி? சிறு காசுதானே என்று விடுகிறோம். சூதின் இனிப்பு நாவில் முதன்முதல் படுவது சிறு காசில்தான். கையைப் பிடித்து இழுத்துப் போகாமல், அங்கேயே மணலில் உட்கார்ந்து, இது ஏன் கூடாது, அது ஏன் கூடும் என்று சொல்லிக் கொடுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு இது நன்றாகவே விளங்கும். கிளி ஜோசியக் கூண்டைக் கடக்கும்போதும் இப்படியே.

கூலி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. விருந்துக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்தவர், குடை ராட்டினத்தைத் தள்ளுகிறவரிடம் பத்து ரூபாய்க்கு வாதாடுவார். நம் பிள்ளைகள் சிரிப்பதற்காக அந்த மனிதர் மணலில் கால் புதைய வட்டம் சுற்றுகிறார். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்ற நபிமொழியை முதலாளிகளுக்கென்று மட்டும் வைத்துக்கொள்வானேன்?

கடற்கரை விளக்குகள் எரியும் நேரமும் மஃரிபின் நேரமும் ஒன்றாகவே வருகின்றன. பேணுதலுள்ளவர் கடிகாரம் பார்ப்பது இதற்காகத்தான் என்றால் அவர்மீது குறையில்லை. ஆனால் மஃரிபுக்குப் பயந்து பிள்ளைகளை அஸரிலேயே விரட்டிக்கொண்டு வீடு திரும்ப வேண்டியதில்லை. பூமி முழுவதும் தொழுமிடமாக ஆக்கப்பட்டிருக்கிறது, மணல் தூய்மையானது, வீட்டிலிருந்து ஒளுவோடு புறப்பட்டு ஒரு விரிப்பையும் எடுத்துச் சென்றால் போதும். ஜமாஅத்தை நாடுவோருக்கு 1795இல் கட்டப்பட்ட வாலாஜா பெரிய பள்ளி திருவல்லிக்கேணியில் இருக்கிறது. உள்ளூர்வாசிகளான நாம் பயணிகள் அல்லர் என்பதால், மஃரிபை இஷாவோடு சேர்த்துக்கொள்ளலாமே என்று எண்ணிவிடக் கூடாது.

எஞ்சியிருப்பது பெண்பிள்ளைகளின் விஷயம். எனக்கு மிகவும் கனமாகப் படுவது இதுவே. தம்பிமார்கள் புதுச்சட்டையோடு கடற்கரைக்குப் புறப்படும்போது, "நீ குமராகிவிட்டாய்" என்று சொல்லிப் பதின்மூன்று வயது ராத்தாவை விருந்துப் பாத்திரங்களோடு வீட்டில் விட்டுப் போகிறார்கள். கூட்டமும் கலப்பும் பயத்திற்குரியவை என்பதை மறுக்க மாட்டேன்; பெருநாள் மாலையின் நெரிசலில் அந்த அச்சம் நியாயமானதே. அப்படியானால் பெருநாளுக்கு இரண்டு நாள் கழித்து, கூட்டம் குறைந்த மாலையில் போகலாம். பர்தாவுடன் போகலாம். மேலே சொன்ன ஹதீஸில் வேடிக்கை பார்க்க ஆசைப்பட்டவர் யார்? ஒரு பெண்தான். பர்தாவைக் காரணம் காட்டி நாயகம் (ஸல்) அவர்கள் அவரை உள்ளே அனுப்பவில்லை; தாமே திரையாக நின்றார்கள். அந்த வேலையை நம் வீட்டு ஆண்கள் செய்யச் சோம்பல்பட்டு, அந்தச் சோம்பலுக்குப் பேணுதல் என்று பெயர் வைத்துவிடக் கூடாதல்லவா?

உம்மாவையும் மறக்க வேண்டாம். எல்லாருடைய செருப்புகளையும் டிபன் கேரியரையும் காத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருக்கும் அவரை, ஏறுகிறீர்களா என்று எவரும் கேட்பதில்லை. ஒரு கூண்டு முழுவதற்கும் காசு கொடுத்துவிட்டால், உம்மாவும் மகளும் தனியாக ஏறிக்கொள்ளலாம். செருப்புகளை வாப்பா பார்த்துக்கொள்ளட்டும்.