அர்ச்சுனன் தபசில் ஒரு பூனை

மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசு பாறைச் சிற்பத்தில் ஒருவர் ஒற்றைக் காலில் நிற்கிறார். கைகள் தலைக்கு மேல், உடம்பெல்லாம் எலும்பு. பக்கத்தில் சிவன். பாசுபத அஸ்திரம் வேண்டி நிற்கும் அர்ச்சுனன் என்கிறார்கள். கங்கையைக் கொண்டுவந்த பகீரதன் என்பாரும் உண்டு. யாரானாலும், வரம் கிடைத்ததால்தான் அந்தத் தவம் கல்லில் ஏறியது. வேலை தேடுவோர் கூடிப் பேசும் இடங்களில் சொல்லப்படும் சொந்தக் கதைகளும் பெரும்பாலும் இப்படித்தான் தேர்வாகின்றன. பல இடம் ஏறி இறங்கி, மனம் தளராமல், கடைசியில் வேலை வாங்கியவரே எழுந்து பேசுகிறார். பட்ட பாட்டுக்குப் பலன் வந்தே தீரும் என்ற நம்பிக்கை அந்தக் கதைக்குள் இருக்கிறது. அப்படியென்றால் வேலை கிடைக்காதவரின் பாட்டில் ஏதோ குறை என்றாகிறது. கர்மவினைக் கணக்கின் இந்தக் கொடிய பகுதி, ஊக்கப் பேச்சு என்ற பெயரில் உள்ளே வந்துவிடுகிறது.

மாமல்லபுரம் இருக்கும் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே இந்த நம்பிக்கைக்கு மறுப்பு இருக்கிறது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நட்டம் என்று காரணம் சொன்னது. மறைமலை நகர் ஆலையில் 2022 ஜூலையோடு உற்பத்தி நின்றது. சுமார் 2,600 பேரின் வேலை போனது. 2024 செப்டம்பரில், ஏற்றுமதிக்காக அதே ஆலையை மீண்டும் பயன்படுத்த விரும்புவதாகத் தமிழக அரசுக்கு விருப்பக் கடிதம் கொடுத்தது. மூடுவதும் திறப்பதும் எங்கோ போடப்பட்ட கணக்கு. ஷிஃப்டுக்கு ஒருநாளும் தாமதமாக வராதவரின் ஒழுங்குக்கு அதில் இடமில்லை. ஆனால் வீட்டில், தெருவில், 'சும்மா இருக்கான்' என்ற பேச்சு அவர்மேல்தான் விழுகிறது. பழியைத் தன்மேலேயே போட்டுக்கொண்டு ஒடுங்கியவருக்கு, தன்னைப்போலவே ஒழுங்காக உழைத்த இன்னொருவர் 'எனக்கும் போயிடுச்சு' என்று சொல்லக் கேட்பது பெரிய விடுதலை. சொந்தக் கதை அங்கே சாட்சியாகிறது. அதையே எல்லோருக்கும் பொருந்தும் விதியாக்கும்போதுதான் கேடு.

நம்பிக்கையைப் பறித்துவிட்டால் யார்தான் முயல்வார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வள்ளுவர் 38ஆம் அதிகாரத்தில் ஊழின் வலிமையைச் சொன்னார். 62ஆம் அதிகாரத்தில் சோராத முயற்சி அந்த ஊழையும் புறமுதுகிடச் செய்யும் என்றார். ஒன்றை அழித்து மற்றதை எழுதவில்லை. முயல்பவனுக்குச் சொல்ல ஒன்று, முயன்றும் தோற்றவனைப் பார்க்கும் ஊருக்குச் சொல்ல ஒன்று என்றே நான் அவற்றை வாசிக்கிறேன். முயற்சியைத் தூண்டலாம்; முடிவை வைத்து ஆளை எடைபோட யாருக்கும் உரிமையில்லை.

சொந்தக் கதையை யாரும் மிகைப்படுத்தலாமே என்பது அடுத்த தடை. அதே பாறையில் யானைக்கு அருகே பூனையொன்று பின்னங்கால்களில் எழுந்து, அந்தத் தவசியைப் போலவே முன்கால்களைத் தூக்கி நிற்கிறது, சுற்றிலும் எலிகள். தவவேடமிட்டு எலிகளைத் தின்ற பூனையின் கதை மகாபாரதத்தில் வருகிறது. தோற்றத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் தவம்தான். எலிகளிடம் பூனை எதை எதிர்பார்க்கிறது என்பதில்தான் வேறுபாடு. கேட்பவரின் வியப்பையோ கட்டணத்தையோ எதிர்பார்க்கும் கதையில் சொன்னவரே பெரிதாகிறார். எந்த ஆலை வாசலில் பயோடேட்டா வாங்குகிறார்கள், நாற்பதைத் தாண்டியவரிடம் என்ன கேட்கிறார்கள், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்குத் தவணை கேட்டபோது எப்படிப் பேசினார் என்பதெல்லாம் உள்ள கதையில், கேட்பவர் மறுநாள் காலையில் எடுத்துக்கொண்டு போக ஏதாவது இருக்கிறது. அதைச் சொல்பவருக்கு வேலை கிடைத்திருக்க வேண்டும் என்பதில்லை.