ராஜம்மாளின் மௌனம்

தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துச் சலாபம் நடந்தது 1961இல். குளித்தெடுத்த சிப்பிகளைக் கரையில் குவித்து அழுகவிட்டு, புழுத்த சதையை அலசித்தான் முத்தைத் தேடுவார்கள். அநேகச் சிப்பிகளில் ஒன்றும் இராது. உள்ளே புகுந்து உறுத்துவதைச் சிப்பி தன்னளவில் மூடிக்கொள்வதுதான் முத்து. வெளியே எடுப்பது நம் காரியம். புதைந்துபோன வாழ்க்கைகளை மீட்பதில் இன்று காணும் உற்சாகம் இந்தக் கரையின் தொழிலை ஞாபகப்படுத்துகிறது. நடிகை பி. கே. ரோசியை முன்வைத்து இதை யோசிக்கலாம்.

ஜே. சி. டேனியல் எடுத்த மௌனப் படமான ‘விகதகுமாரன்’ மலையாளத்தின் முதல் படம். 1928 என்று வெகுகாலம் சொல்லப்பட்டு, பின்னர் 1930 என்று ஆய்வாளர்களால் திருத்தப்பட்ட ஆண்டில், திருவனந்தபுரம் கேபிடல் கொட்டகையில் திரையிடப்பட்டது. புலையர் சாதியில் பிறந்து காக்காரிசி நாடகங்களில் ஆடிவந்த ரோசி, அதில் சரோஜினி என்ற நாயர் பெண்ணாக நடித்தார். அவர் வந்தால் தாங்கள் வருவதற்கில்லை என்றார்கள் பிரமுகர்கள். திரையின் மேல் கல் விழுந்தது. பிறகு அவர் குடிசைக்குத் தீ. லாரியொன்றில் ஏறி நாகர்கோவிலுக்குத் தப்பி வந்து, லாரி ஓட்டியவரையே மணந்து, ராஜம்மாளாக வாழ்ந்து 1988இல் இறந்தார்.

இவரை மறக்கப்பட்டவர் என்பது அவ்வளவு சரியல்ல. மறக்கப்பட்டவர் டேனியல். அகஸ்தீஸ்வரத்தில் வறுமையில் 1975இல் அவர் இறந்தார். அவர் பெயரில் கேரள அரசு விருது ஏற்படுத்தியது 1992இல். தன்னை நினைக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். ரோசியோ மறைந்துகொண்டவர். 1970களின் தொடக்கத்திலேயே குன்னுக்குழி எஸ். மணி அவரைப் பற்றி எழுதத் தொடங்கிவிட்டார். அப்போது ராஜம்மாள் உயிரோடுதான் இருந்தார். நான்தான் அது என்று முன்வரவில்லை. இதைப் பயம் என்று மட்டும் வாசிப்பது நமக்குச் சௌகரியம். திரையில் ஒரு நாயர் பெண்ணாக இருக்க அனுமதிக்கப்படாதவர், திரைக்கு வெளியே அறுபது வருஷம்போல வேறொருத்தியாக இருந்து காட்டினார். அதுவும் அவருடைய நடிப்புதான், அவரே தேர்ந்தது. அதைக் கலைக்க நமக்கு என்ன பாத்தியதை?

ஆட்சேபம் ஒன்று உண்டு, வலுவானது. அவர் மௌனத்தை மதிப்பதாகச் சொல்லிக்கொண்டு தீ வைத்தவர்களின் மௌனத்தையும் சேர்த்துக் காப்பாற்றிவிடலாம். பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் தன் திரைப்பட விழாவுக்கு ரோசியின் பெயரை வைத்ததில் அந்தக் குற்றச்சாட்டு இருக்கிறது. பெயர் அங்கே சாட்சியாக நிற்கிறது. 2023 பிப்ரவரியில் கூகுள் தன் முகப்பில் அவரைச் சித்திரமாக வரைந்தது வேறு ரகம். படத்தின் பிரதி இல்லை. அவருடையது என்று உலவும் புகைப்படமோ சர்ச்சைக்குரியது. ஆயினும் ஒரு முகம் வேண்டும் என்கிறோம், அழகாக, பூவோடு.

ராஜம்மாள் எதிர்கொள்ள வேண்டிய கடந்தகாலம் என்று ஒன்று இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. விசாரித்துக்கொண்டு நாகர்கோவிலுக்கு வருகிறவர்கள், அன்று கேபிடல் கொட்டகையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களின் வீடுகளுக்கு முதலில் போயிருக்கலாம்.